புதிதாக வேட்டைக்குப் போகிறவர் எந்தக் கையடக்க ஜிபிஎஸ் வாங்கலாம்?

ஸ்கார்பரோ_குமரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோ வேட்டைக் கல்வி வகுப்பையும் துப்பாக்கி உரிமத்துக்கான பாதுகாப்பு வகுப்பையும் முடித்துவிட்டேன். வேட்டைக்கு வேண்டிய அவுட்டோர்ஸ் கார்டு என்ற அடையாள அட்டையும் கைக்கு வந்துவிட்டது. வரும் நவம்பரில் பாரி சவுண்டுக்குக் கிழக்கே, கிரவுன் காணியில் (அரசு நிலத்தில்), வெள்ளைவால் மான் வேட்டைக்கு என்னையும் சேர்த்துக்கொள்வதாக வேலையிடத்து நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பாசி படிந்த பாறையைப் பார்த்தே இடம் சொல்வார்கள். நான் வடமராட்சிக்காரன். எங்கள் ஊரில் ஒரு பனை வரிசை, ஒரு கோபுரம், ஒரு கிணறு என்று கண்ணுக்கு ஏதாவது தட்டுப்படும், திசை தொலைய வழியே இல்லை. இங்கே கோடையில் ஒருமுறை அழைத்துப் போனார்கள். நூறு மீட்டர் உள்ளே போனதும் நான்கு பக்கமும் ஒரே மேப்பிள், ஒரே சதுப்பு. வண்டி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், நான் கை காட்டிய பக்கத்தில் ஏரி இருந்தது.

ஆகவே ஒரு ஜிபிஎஸ் வாங்க வேண்டும். 300 கனடிய டாலருக்குள் முடித்தால் நல்லது. தொழில்நுட்பத்தில் நான் சூரன் இல்லை. தொடுதிரை நல்லதா, பொத்தான் நல்லதா? கைப்பேசியே போதும் என்கிறார்களே, உண்மையா?

---

வடக்கன்_63

தம்பி குமரன், வாழ்த்து. பெட்டியில் அச்சடித்திருக்கும் வசதிப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார். நவம்பர் நடுப்பகுதி. மணிக்கூட்டை ஏற்கெனவே ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாகிவிட்டது. மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். மழையும் பனியும் கலந்து விழுகிறது. கையில் தடித்த கையுறை, தோளில் துப்பாக்கி. இந்த நிலையில் வண்டி நிற்கும் பக்கத்தை உனக்குக் காட்டக்கூடிய கருவிதான் உனக்கு வேண்டிய கருவி. மற்றதெல்லாம் விற்பனைக்காரரின் பேச்சு.

நான் பார்ப்பவை மூன்றே. முதலாவது, பொத்தான். ஈரமான கையுறையைத் தொடுதிரை மதிக்காது, மழைத்துளியை விரல் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டாவது, கடையில் கிடைக்கும் டபுள் ஏ பேட்டரியில் ஓட வேண்டும். சட்டைப்பையில் இரண்டு மாற்றுப் பேட்டரி இருந்தால் கவலை இல்லை. மூன்றாவது, வெயிலிலும் மேகத்திலும் படிக்கக்கூடிய திரை.

இந்த மூன்றுக்கும் பொருந்தி உன் பணத்துக்குள் வருவது கார்மினின் இட்ரெக்ஸ் வரிசை. 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் 2019இல் வந்தவை. 2.2 அங்குல வண்ணத் திரை, இரண்டு டபுள் ஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம், நினைவக அட்டைக்குத் துளை, எடை பேட்டரியோடு 142 கிராம். பழைய பொருள் சந்தையிலும் தாராளமாகக் கிடைக்கும். அந்த வரிசையிலேயே நில். மேலே போகாதே.

---

பனித்தடம்

> வடக்கன்_63 எழுதியது: ஈரமான கையுறையைத் தொடுதிரை மதிக்காது

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். குமரனிடம் ஏற்கெனவே நல்ல கைப்பேசி இருக்கும். அதற்குள் ஜிபிஎஸ் வாங்கி இருக்கிறது. அது வேலை செய்வதற்கும் கைப்பேசிக் கோபுரத்துக்கும் சம்பந்தம் இல்லை. சிக்னலே இல்லாத இடத்திலும், விமானப் பயன்முறையில் போட்டாலும், செயற்கைக்கோளைப் பிடிக்கும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் காட்டுக்குள் போய் வெற்றுத் திரையைப் பார்ப்பவர்கள்தான் "கைப்பேசி உதவாது" என்று எழுதுகிறார்கள்.

ஒரு வேட்டைக்காரருக்கு எங்கே இருக்கிறோம் என்பதைவிட யாருடைய நிலத்தில் இருக்கிறோம் என்பது முக்கியம். ஒன்ராறியோவில் 87 சதவீதம் கிரவுன் காணி என்று அரசு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் போகும் தென்பகுதியில் தனியார் காணியும் கிரவுன் காணியும் கலந்து கிடக்கின்றன. ஐஹன்டர் செயலியில் வனவிலங்கு மேலாண்மைப் பிரிவுகளின் எல்லை, கிரவுன் காணி எல்லாம் நிறத்தோடு தெரிகின்றன. உங்கள் அனுமதிச் சீட்டு செல்லும் பிரிவு ஓர் ஓடையோடு முடிந்துவிடலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் சுட்டால் அது குற்றம். இந்தத் தகவலை 2.2 அங்குலத் திரையில் எப்படிப் படிப்பீர்கள்?

---

வடக்கன்_63

பனித்தடம், எல்லை விஷயத்தில் நீ சொல்வது முழுக்கச் சரி. அதற்குக் கைப்பேசிதான் சிறந்தது.

ஆனால் ஐபோனின் தொழில்நுட்பக் குறிப்பை எடுத்துப் பார். இயங்கும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. மான் வேட்டை நடக்கும் காலை நேரத்தில் இங்கே பூஜ்யத்துக்குக் கீழேதான். குளிரில் லித்தியம்-அயன் பேட்டரி சுருண்டுவிடும். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி வெளியே எடுத்த சில நிமிடத்தில் அணைந்ததைப் பார்க்காத வேட்டைக் குழு இந்த மாகாணத்தில் இல்லை. மார்போடு உள்சட்டையில் வைத்தால் தாக்குப்பிடிக்கும். அப்போது ஒவ்வொரு முறையும் மேலங்கியைத் திறக்க வேண்டும், கையுறையைக் கழற்ற வேண்டும். மான் இதற்கெல்லாம் நின்று காத்திருக்குமா?

இன்னொன்று. ஆபத்து நேர்ந்தால் உதவிக்கு அழைக்கப்போவதும் அதே கைப்பேசிதான். பகல் முழுவதும் வழிகாட்டி அதன் உயிரைக் குடித்துவிட்டால் மாலையில் யாரைக் கூப்பிடுவது? எல்லையைக் கைப்பேசியில் பார், வழியைக் கருவியில் பார். கைப்பேசியை அணைத்து வை.

---

செல்வி_யூபி

குமரன் தம்பி, நான் மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் இருக்கிறேன். நானும் என் கணவரும் நவம்பர் 15இல் துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும் காட்டுக்குப் போகிறவர்கள். ஊர் வேறு, காடு ஏறக்குறைய அதே காடுதான்.

22எக்ஸ், 32எக்ஸ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வடக்கன் ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார். புதியவரைக் குழப்புவது அதுதான். 32எக்ஸில் மூன்று அச்சு மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு. 22எக்ஸில் இரண்டும் இல்லை. நடைமுறையில் இதன் பொருள் இது: 22எக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினால் அம்புக்குறிக்கு எதுவும் புரியாது. நீங்கள் நடந்தால்தான், ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகர்ந்த திசையை வைத்து, அது கணக்கிடும். நின்றபடி "வண்டி எந்தப் பக்கம்" என்று கேட்டால் அது எங்கேயோ கை காட்டும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் பயந்துபோகிறார்கள், கருவி கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். ஓர் இருபது முப்பது அடி நேராக நடங்கள், அம்பு திரும்பிவிடும்.

32எக்ஸ் நின்ற இடத்திலேயே காட்டும். ஆனால் பேட்டரி மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியைச் சீர்படுத்த வேண்டும். துப்பாக்கிக் குழல், வண்டியின் கதவு, காந்தம் வைத்த கைப்பேசி உறை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துச் சீர்படுத்தினால் பொய் சொல்லும்.

எங்கள் ஊரில் இந்தப் பொய்க்கு நிலமே காரணம். 1844இல் வில்லியம் ஆஸ்டின் பர்ட் என்ற நில அளவையாளர் நெகோனிக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தபோது காந்த ஊசி தாறுமாறாக ஆடியது. ஆட்களை அனுப்பிச் சுற்றிலும் தேடச் சொன்னார். இரும்புத் தாதைக் கையில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். மார்க்வெட் இரும்புத் தொடர் அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பர்ட் தப்பித்தது எப்படி என்றால், சூரியனை வைத்துத் திசை பார்க்கும் ஒரு திசைகாட்டியை அவரே செய்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சில மேடுகளில் காந்த ஊசியும் மின்னணுத் திசைகாட்டியும் சேர்ந்தே குழம்பும். அங்கே நடந்து திசை காட்டும் 22எக்ஸ் கெட்டிக்காரப் பிள்ளை. செயற்கைக்கோளுக்கு இரும்பு ஒரு பொருட்டே இல்லை.

பாரி சவுண்ட் பக்கம் இந்தத் தொல்லை எங்கள் அளவுக்கு இருக்காது. பணம் இருந்தால் 32எக்ஸ், இல்லையென்றால் 22எக்ஸ். இரண்டிலும் ஒரு சாதாரண தட்டுக் காம்பஸைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

விலையைப் பற்றி யாரும் பேசவில்லை, எனவே நான். எல்லாம் அமெரிக்க டாலரில் அறிமுக விலை: இட்ரெக்ஸ் எஸ்இ 150, 22எக்ஸ் 200, 32எக்ஸ் 300, கார்மினின் மேல்வரிசையான ஜிபிஎஸ்மேப் 67 மாதிரி 500, செயற்கைக்கோள் செய்தி வசதியோடு வரும் 67i மாதிரி 600. கனடாவில் இதற்கு மேல் மாற்று விகிதமும் வரியும் சேரும். ஆகவே குமரனின் 300 கனடிய டாலரில் புதிய 32எக்ஸ் வராது. பழையது வரலாம்.

எஸ்இ 2023இல் வந்தது. கறுப்பு வெள்ளைத் திரை. இரண்டு பேட்டரியில் சாதாரண முறையில் 168 மணி நேரம் என்கிறது நிறுவனம். அதாவது ஒரு வாரம். இதைக் கேட்டு மயங்க வேண்டாம். அதில் வரைபடம் இல்லை. வெள்ளைத் திரையில் உங்கள் தடமும் நீங்கள் குறித்த புள்ளிகளும் மட்டும் தெரியும். வண்டிக்குத் திரும்புவதற்கு அது போதும். ஆனால் நடுவே பீவர் என்ற விலங்கு அணைகட்டித் தேக்கிய குளம் இருந்தால் அதற்குத் தெரியாது.

"பல அலைவரிசை" என்று ஒரு சொல் விளம்பரங்களில் வரும். பழைய கருவிகள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் கேட்கும். புதியவை 1176.45 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக் கேட்கும். மரத்திலும் பாறையிலும் பட்டுத் தெறித்து வரும் அலையை அடையாளம் கண்டு ஒதுக்க அது உதவுகிறது. ஜிபிஎஸ்மேப் 67இல் இது உண்டு, 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டிலும் இல்லை. நவம்பரில் மேப்பிள் இலை உதிர்ந்துவிடும். இலையில்லாக் காட்டில் ஐந்து மீட்டர், பத்து மீட்டர் பிழை இருந்தால் என்ன கெட்டுவிடும்? வண்டி ஐந்து மீட்டர் நீளம்.

என்னைப் போல வயதானவர்களுக்கு நினைவிருக்கும்: 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்துவிட்டிருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை வைத்துக்கொண்டும் ஆட்கள் வேட்டைக்குப் போய்த் திரும்பினார்கள். எனவே பல அலைவரிசைக்காக 200 டாலர் கூடுதலாகக் கொடுப்பது புதியவருக்குத் தேவையில்லாத செலவு.

---

மலர்வனம்

துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகலாமே. மான் உங்களுக்கு என்ன செய்தது?

---

நிர்வாகி

மலர்வனம், வேட்டை சரியா தவறா என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே எழுதுங்கள். இங்கே ஜிபிஎஸ் மட்டும். மற்றவர்களும் இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

---

ஸ்கார்பரோ_குமரன்

எல்லோருக்கும் நன்றி. தலை கொஞ்சம் சுற்றுகிறது, ஆனால் விளங்குகிறது. இரண்டு கேள்விகள்.

ஒன்று, மனைவி கேட்கச் சொன்னது. விழுந்து கால் உடைந்தால் என்ன செய்வது? இந்த இட்ரெக்ஸ் யாருக்காவது தகவல் அனுப்புமா? இரண்டு, வரைபடமே இல்லாத எஸ்இ எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன பீவர் குளம்தான் காரணம். கோடையில் முழங்கால் வரை இறங்கிப் பார்த்தாகிவிட்டது.

---

செம்மஞ்சள்தொப்பி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தேடல் மீட்புக் குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன்.

இட்ரெக்ஸ் யாருக்கும் எதையும் அனுப்பாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் பேசும், உங்கள் கருவி கேட்கும், அவ்வளவுதான். பலர் இதை அறியாமல் "ஜிபிஎஸ் வைத்திருக்கிறேன், என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று நம்பிக்கொண்டு போகிறார்கள். உங்கள் இடம் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

அனுப்ப வேண்டுமானால் மூன்று வழி உண்டு. கார்மினின் இன்ரீச் மினி 2 என்ற செய்திக் கருவி நூறு கிராம் எடை, இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக இருவழியும் செய்தி போகும், ஆனால் சந்தா கட்ட வேண்டும். அடுத்தது 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்து ஒலிபரப்பி. சந்தா இல்லை. கனடாவின் பதிவேட்டில் இலவசமாகப் பதிந்துகொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தினால் உதவி கேட்கும், ஆனால் "தாமதமாக வருகிறேன், பயப்படாதே" என்று வீட்டுக்குச் சொல்ல முடியாது. மூன்றாவது, ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் செயற்கைக்கோள் அவசர அழைப்பு இருக்கிறது, கனடாவிலும் வேலை செய்யும். திறந்த வானம் வேண்டும், கைப்பேசியில் உயிர் இருக்க வேண்டும். வடக்கன் ஐயா அதை அணைத்து வைக்கச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

குழுவோடு போகிறவர் முதல் ஆண்டிலேயே இதற்குச் செலவழிக்க வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். தனியாகப் போகத் தொடங்கும் ஆண்டில் வாங்குங்கள். அதுவரை ஒரு விசில், ஒரு தீப்பெட்டி, மெல்லிய அலுமினியப் போர்வை. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். எங்கள் குழுவை அழைக்கும்போது அந்தத் தாள் இருந்தால் தேட வேண்டிய பரப்பு எவ்வளவு சுருங்கிவிடும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒரு சிறு விஷயம்: கருவிக்குப் பளிச்சென்ற செம்மஞ்சள் கயிறு கட்டுங்கள். துப்பாக்கிப் பருவத்தில் நமக்கே 2,580 சதுர சென்டிமீட்டர் செம்மஞ்சள் உடுப்பும் தொப்பியும் கட்டாயம். கருவிக்கும் அந்த மரியாதை கிடைக்கட்டும். உதிர்ந்த இலைக்குள் விழுந்த சாம்பல் நிறக் கருவியைத் தேடுவது கொடுமை.

---

குன்னூர்_ரவி

இடையில் ஒரு கேள்வி. நான் நீலகிரியில் மலையேறுபவன். வேட்டை இல்லை, இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கனடாவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும்போது எனக்கு இன்ரீச் வாங்கி வருவதாகச் சொல்கிறார். நல்லதா?

---

கணக்குப்பிள்ளை

ரவி, உடனே அண்ணனுக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். இன்ரீச்சைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் தடுக்கப்பட்டு வழக்கில் சிக்கியிருக்கிறார்கள். ஜிபிஎஸ்மேப் 67i மாதிரியிலும் அதே வசதி உள்ளே இருப்பதால் அதுவும் கூடாது. செய்தி அனுப்பாத சாதாரண இட்ரெக்ஸ் வேறு சங்கதி. அண்ணனுக்குக் கைகாட்டுவதானால் அதைக் காட்டுங்கள்.

---

செல்வி_யூபி

இழை மானை விட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டது. திரும்பி வருகிறேன்.

கருவியில் நூறு வசதி இருக்கும். முதல் பருவத்தில் நீங்கள் பழக வேண்டியவை இரண்டே இரண்டு: புள்ளி குறிப்பது, வந்த தடத்திலேயே திரும்புவது. இட்ரெக்ஸில் முன்னால் ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் நிற்கும் இடம் பதிவாகும். வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் வேலை அதுதான். ஆனால் கருவியை உசுப்பிய அடுத்த நொடியே குறிக்காதீர்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் இருப்பிடக் கணக்கை 30 நொடிக்கு ஒருமுறை திருப்பிச் சொல்கிறது. ரொறன்ரோவில் அணைத்த கருவியை 200 கிலோமீட்டர் தள்ளி வந்து உசுப்பினால் அதைக் கேட்டுத் தெளிய நேரம் கொடுக்க வேண்டும். வானம் தெரியும் இடத்தில் வண்டிக் கூரையின் மேல் வைத்துவிட்டுக் காலணிக் கயிற்றைக் கட்டுங்கள், காப்பியைக் குடியுங்கள். துல்லியம் ஐந்து மீட்டர் அளவுக்கு வந்ததும் குறியுங்கள்.

திரும்பும்போது "இந்தப் புள்ளிக்குப் போ" என்றால் கருவி நேர்கோடு போடும். அந்தக் கோடு சதுப்பு வழியாகப் போகும், பாறைச் சரிவு வழியாகப் போகும், அதற்கு என்ன கவலை! "டிராக்பேக்" என்ற தேர்வு இருக்கிறது. காலையில் நீங்கள் எப்படி வளைந்து வளைந்து வந்தீர்களோ அதே வழியில் திரும்பக் கூட்டிப் போகும். காலையில் கால் நனையாமல் வந்த வழி மாலையிலும் நனையாது. இருட்டில் இதை மட்டும் நம்புங்கள்.

இனி, வேட்டைக்காரருக்கு மட்டும் உரிய விஷயம். சுட்ட பிறகு மான் அங்கேயே விழாது, பெரும்பாலும் ஓடும். அந்த நொடியில் மனம் பரபரக்கும், பின்னாலேயே ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தை ஒரு புள்ளியாகக் குறியுங்கள். மான் நின்ற இடத்துக்குப் போய் இரண்டாவது புள்ளி. முதல் இரத்தத் துளியில் மூன்றாவது. பிறகு காத்திருந்து, தொடரும்போது இரத்தம் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் ஒன்று. தடம் அறுந்துபோனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். புள்ளிகள் எந்தப் பக்கம் வளைகின்றன என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் திரையில் தெரியும். காயம்பட்ட மான்களில் பல தண்ணீரை நோக்கியோ அடர்ந்த புதரை நோக்கியோ போகும், அந்த வளைவு அதைக் காட்டிக்கொடுக்கும். சுட்டுவிட்டு மிருகத்தைத் தேடாமல் விடுவதைப் போன்ற பாவம் இந்தக் கலையில் வேறில்லை. வரைபடம் உள்ள கருவிக்கு நான் வாதாடுவதே இதற்காகத்தான், வண்டிக்குத் திரும்புவதற்காக அல்ல.

---

பனித்தடம்

செல்வி அக்கா, இதைக் கைப்பேசியிலும் செய்யலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இரத்தக் கையோடு தொடுதிரையைத் தொடுவதை நினைத்துப் பார்த்து அடங்கிவிட்டேன். 22எக்ஸுக்கு என் ஓட்டும்.

ஆனால் எல்லை பார்க்கச் செயலி வேண்டும் என்பதில் நான் இறங்கி வரமாட்டேன்.

---

ஸ்கார்பரோ_குமரன்

முடிவு செய்துவிட்டேன். பிராம்டனில் ஒருவர் தன் 32எக்ஸை விற்கிறார், 210 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? வாங்கிய பிறகு எந்த அமைப்புகளை மாற்ற வேண்டும்?

---

வடக்கன்_63

வாங்கும் முன்: பேட்டரிக் கதவைத் திற. உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது என்று பொருள், திரும்பி வந்துவிடு. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு கிழியாமல் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று நிறுவனம் சொல்வது அந்த ரப்பரை நம்பித்தான். குமிழை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார், அதிகம் தேய்வது அதுதான். பிறகு வெளியே கூட்டிப் போய் செயற்கைக்கோளைப் பிடிக்கிறதா என்று பார். வீட்டுக்குள் காட்டிவிட்டுப் பணம் கேட்டால் கொடுக்காதே. கணினி இணைப்புக்குப் பழைய மினி யூஎஸ்பி கம்பி வேண்டும், அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கு. இப்போது வீடுகளில் கிடைக்கும் கம்பி எதுவும் பொருந்தாது.

பழைய ஆளின் புள்ளிகளை எல்லாம் அழித்துவிடு. இல்லையென்றால் "வண்டி" என்ற பெயரில் அவருடைய புள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிராம்டன் நோக்கி நடப்பாய்.

---

கணக்குப்பிள்ளை

அமைப்புகள் என் துறை. குழுவில் வழிகாட்டும் பெரியவர் காகித வரைபடம் வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வைத்திருந்தால் அதன் ஓரத்தில் "நாட் 27" என்று இருக்கிறதா, "நாட் 83" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இட எண்களை எந்த அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்பதைச் சொல்லும் அளவை முறைகள் இவை (NAD 27, NAD 83). பழைய 1:50,000 தாள்களில் 27 இருக்கும். கருவி டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகளாவிய முறையில் வரும். 83க்கும் 84க்கும் நமக்குத் தெரியும் அளவில் வேறுபாடு இல்லை. 27ஆக இருந்தால் யூடிஎம் (வரைபடக் கட்டத்தில் மீட்டர் கணக்கில் இடம் சொல்லும் முறை) எண்களில் வடக்குத் தெற்காக 200 மீட்டருக்கு மேல் இடிக்கும். அவர் எண்ணைச் சொல்ல, நீங்கள் அடுத்த மேட்டில் போய் நிற்பீர்கள்.

இடத்தைச் சொல்லும் எண் வடிவத்தைக் குழு முழுவதும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொள்ள யூடிஎம் எளிது, எல்லாம் மீட்டர் கணக்கு. பாரி சவுண்ட் யூடிஎம் முறையில் 17ஆம் மண்டலம். மீட்புக் குழுவுக்குச் சொல்வதானால் தசம டிகிரி.

வடக்கு: உங்கள் காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் அந்தப் பக்கம் சுமார் 10, 11 டிகிரி விலகும், மேற்குப் பக்கமாக. கருவியை உண்மை வடக்கில் வைத்தால் கழுத்தில் தொங்கும் காம்பஸிலும் அதற்கேற்ற விலக்கத்தைத் திருகி வையுங்கள். அது முடியாத மலிவுக் காம்பஸ் என்றால் கருவியைக் காந்த வடக்குக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே மொழி பேசினால் போதும்.

---

செல்வி_யூபி

சூரிய உதய, மறைவு நேரத்தை முதன்மைப் பட்டியலில் மேலே கொண்டுவந்து வையுங்கள். உங்கள் மாகாணத்தில் உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரைதான் வேட்டை நேரம். கருவி நிற்கும் இடத்துக்கான நேரத்தையே காட்டும்.

துப்பாக்கியை எடுக்கும் முன் வீட்டுப் பக்கத்திலேயே பழகுங்கள். ஸ்கார்பரோவில்தானே ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது? வண்டியைக் குறித்துவிட்டுப் பாதைகளில் ஒரு சுற்றுச் சுற்றி டிராக்பேக்கில் திரும்புங்கள். பிறகு அதையே கையுறையோடு செய்யுங்கள். பிறகு இருட்டத் தொடங்கும் நேரத்தில், நெற்றிவிளக்கோடு. குமிழைப் பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கும்வரை.

---

ஸ்கார்பரோ_குமரன்

வாங்கியாயிற்று. பேட்டரிப் பெட்டி சுத்தமாக இருந்தது, கம்பியும் தந்தார். புள்ளிகளை அழிக்கும்போது பார்த்தேன், அந்த மனிதர் ஐஸ் மீன்பிடிக் குடிலுக்கு "அரண்மனை" என்று பெயர் வைத்திருக்கிறார்.

ரூஜில் இன்று மாலை சுற்றினேன். மகளும் வந்தாள். என்னைவிட அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு குழப்பம். மீள்மின்னேற்றம் செய்யும் பேட்டரி போட்டிருக்கிறேன். முழுதாக ஏற்றியும் அளவுமானி பாதிதான் காட்டுகிறது. பேட்டரி பழுதா?

---

வடக்கன்_63

பழுது இல்லை. அமைப்பில் பேட்டரி வகை என்று ஒன்று இருக்கும், இப்போது அது ஆல்கலைன் என்று இருக்கும். மீள்மின்னேற்றப் பேட்டரியின் மின்னழுத்தம் இயல்பிலேயே குறைவு, 1.2 வோல்ட். ஆல்கலைன் 1.5. அதனால் கருவி பாதி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறது. வகையை NiMH (மீள்மின்னேற்ற வகை) என்று மாற்று, சரியாகிவிடும்.

நவம்பருக்கு மட்டும் லித்தியம் டபுள் ஏ நான்கு வாங்கி வைத்துக்கொள். விலை அதிகம்தான், ஆனால் எனர்ஜைசர் லித்தியம் பேட்டரிக்கு மைனஸ் 40 வரை உத்தரவாதம் சொல்கிறார்கள். ஆல்கலைன் மைனஸ் 18இலேயே நின்றுவிடும். இரண்டு கருவிக்குள், இரண்டு உள்சட்டைப் பையில். போடும்போது பேட்டரி வகையை மறுபடி லித்தியம் என்று மாற்ற மறக்காதே, திசைகாட்டியையும் வண்டிக்குத் தள்ளி நின்று சீர்படுத்திக்கொள்.

மகளுக்கு 12 வயது ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் பெற்றோர் சம்மதத்தோடு அவளும் வேட்டைக் கல்வி வகுப்பில் சேரலாம். கேட்டுப் பார்.